மழையும் மழையினுள்ளாரும்

பண்டை நாகரிகங்கள் பலவற்றினும் வானும் இடியும் மழையும் தெய்வமாக வழிபடப்பெற்றன என்பது யாவரும் ஒப்ப முடிந்த செய்தி. கிரேக்கர் சீயுசு எனவும் உரோமர் யூபிற்றர் எனவும் வணங்கிய வான்கடவுளரும் இருக்கு வேதத்துத் தியௌசும் ஒரு சொல்லின் கிளைகளே என்பதை மொழிநூலார் ஐயமற நிறுவினர். சிரியாக் கடற்கரையில் ராசு சம்ரா என்னும் மேட்டில் 1929-ஆம் ஆண்டு முதலாக அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகளிலே, பாகால் என்னும் புயற்றெய்வம் யம்மு என்னும் கடற்றெய்வத்தொடு பொருது வென்ற கதை காணப்படுகின்றது. பாபிலோனியர் தம் மருதூக்கென்னும் தெய்வம் காற்றுக்களைப் படையாகக்கொண்டு தியாமத்து என்னும் ஆதிக்கடலைப் பிளந்ததாகப் பாடினர். எகிப்தியர் வானத்தைப் பெண்ணாகவும் மண்ணை ஆணாகவும் கொண்டு இவர்களினின்றும் வேறுபட்டனர். இவையெல்லாம் அறிவுக்கு விருந்தாவன; இவற்றை மறுக்கவேண்டிய கடப்பாடு சைவர்க்கு யாதுமில்லை.

மறுத்தற்குரியது இவ்வொப்புமையினின்றும் வருவிக்கப்படும் ஒரு முடிபே. இருக்கு வேதத்து உருத்திரன் புயலையே உருவகித்த தெய்வம். அவ்வுருத்திரனே நாளடைவில் வளர்ந்து சிவனெனப் பெயர் பெற்றான். ஆகவே சைவர் பதியெனப் போற்றும் முழுமுதற்பொருள் தொடக்கத்தில் மலையினின்றும் வீசிய கடுங்காற்றும் அதனொடு வந்த மின்னலுமே என்பது அம்முடிபு. செருமானியப் புலவர் வேபர் புயலின் ஊளையொலியே உருத்திரன் என்றார். மாக்டொனெல் 1897-இல் வெளியிட்ட வேதப் புராணவியல் நூலிலே, மின்னலால் அழிவு செய்யும் புயலே அவன் பழைய இயல்பு என்னுங் கருத்தைத் தழுவினார். அந்நூல் பல்கலைக்கழகங்களிற் பாடமாக நிலைத்தமையால் அதன் கருத்தும் பள்ளிப் புத்தகங்கள்வரை இறங்கிப் பரவிற்று. சைவப்பிள்ளைகளும் அதனை வரலாறென்றே கற்று வருகின்றனர். ஆதலின் அதன் வன்மை மென்மைகளை வழக்கினாலும் நூலினாலும் ஆராய்தல் வேண்டற்பாலது.

வழக்கென்றது காற்றையும் மழையையும் நாடோறும் எதிர்கொண்டு வாழும் மக்கள் வழிபாட்டை. அதற்குத் தொண்டைநாட்டு வடகரையிலுள்ள பழவேற்காட்டுக் குப்பங்களினும் பொருத்தமான களம் பிறிதில்லை. பழவேற்காட்டு ஏரி இந்திய நாட்டு உவர்நீர்க் காயல்களுள் சிலிகைக்கு அடுத்த பெருமையுடையது. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் கிடக்கின்றது. கிழக்கே சிறீஅரிக்கோட்டை என்னும் நீண்ட மணற்றீவு ஏரியையும் வங்கக்கடலையும் பிரித்து நிற்கின்றது. தெற்கே ஆரணியாறும் வடபால் காளங்கி, சுவர்ணமுகி முதலிய ஆறுகளும் நன்னீர் கொணர்கின்றன. பழவேற்காட்டின் அருகே முகத்துவாரம் கடலுவரைக் கொணர்கின்றது. ஆண்டு முழுவதும் இவ்விரு நீரின் போராட்டமே ஏரியின் வாழ்க்கை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிந்து ஆறுகள் பெருகினால், வெள்ளம் முகத்துவாரத்து மணலை அறுத்துக்கொண்டு கடலிற் கலக்கும். பின் அவ்வழியே இறாற்குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் கடலினின்றும் ஏரிக்குட் புகுந்து வளரும். மழை பொய்த்த ஆண்டில் முகத்துவாரம் தூர்ந்துபோம்; கோடை வெயிலில் நீர் வற்றி உவர் மிகுந்து சிற்சில இடங்களிற் கடலினும் கடுப்பாகும்; வலை வெறிதே மீளும். மழை மிகுந்து புயலாயின் படகும் வலையும் உயிருமே போதலும் உண்டு. ஒரே மழை சோறுமாம், கூற்றுமாம். இம்மக்கள்பால் வானிலைத் தெய்வம் தோன்றியிராவிடின் வேறெங்குத் தோன்றும்?

இங்கே பட்டணவர் தமக்குள் வகுத்துக்கொண்ட பாடு என்னும் முறையொன்று பழைமையாக நிலவுகின்றது. ஏரியில் வலை கட்டுதற்குரிய இடங்களைச் சீட்டிட்டும் முறைவைத்தும் குடிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஒழுங்கு அது. நல்லிடம் ஒருவர்க்கே உரித்தாகாமல் எல்லார்க்கும் சுற்றிவரும்படி அமைந்த அவ்வொழுங்கின் நேர்மை நீதிநூல் வல்லாரும் வியத்தற்குரியது. ஆயினும் முறைவைத்துப் பகிர இயன்றவை நீரும் நாளுமே. காற்றும் மழையும் பகிர்வுக்கு அடங்கா. காற்றுக்கு இம்மக்கள் இட்ட பெயர்கள் கருதத்தக்கன. வடக்கினின்றும் வருவது வாடை. கிழக்கினின்றும் வருவது கொண்டல். மேற்கினின்றும் வருவது கச்சான். தெற்கினின்றும் வருவது சோழகம் அல்லது தென்றல். இவற்றுள் ஒன்றேனும் தெய்வப்பெயரன்று. காற்றைக் காற்றாகவே அறிந்து, அதன் திசையும் வலியும் காலமும் தெரிந்து, அதற்கேற்பப் பாய்விரித்தோர் இட்ட பெயர்கள் இவை.

இனி, தொல்காப்பியம் நெய்தல் நிலத்துத் தெய்வமாக வருணனைக் கூறுதல் யாவரும் அறிவர். அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், வலையின் விளைவு தவறியபோது நுளையர் மகளிர் சுற்றத்தாரோடு திரண்டு சுறவின் கொம்பை நாட்டிக் காணிக்கை செலுத்துவர் என்றும், அவ்விடத்தே வருணன் தோன்றுவான் என்றும் விளக்கினார். வானிலைத் தெய்வக் கொள்கையர்க்கு இவ்வுரை பெருந்துணை போலத் தோன்றும்: வலை வறண்டது, கடவுளுக்குக் கொடை கொடுத்தனர், கடவுள் வந்தான், இதனினும் தெளிவாக இயற்கை வழிபாட்டுக்குச் சான்று வேண்டுமோ என்பர். உரையைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். சுறவுக்கோடு நடும் வழக்கம் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலையினும் வருகின்றது. ஆண்டு அத்தெய்வம் வலிமையுடைய அணங்கு என்றே குறிக்கப்பட்டதன்றி வருணன் என்னும் பெயர் பெற்றிலது. நெய்தற்கு வருணனை வகுத்தது இலக்கணம். கொம்பில் அணங்கைக் கண்டது மக்கள் வழக்கு. இவ்விரண்டனையும் ஒன்றாகப் பொருத்தியது உரை. பொருத்தியது பிழையென்பதன்று, பொருத்தப்பட்டன இரண்டு என்பதை மறத்தலாகாது. மேலும், நடப்பட்ட கொம்பு கடலுமன்று, வானுமன்று, காற்றுமன்று. எல்லையில்லாத கடல் கண்முன்னே கிடப்பவும், அதனை விடுத்து மணலில் ஒரு கொம்பை நாட்டி, அதன்கண் தெய்வம் வந்து பொருந்துக என வேண்டியோர், கடலே தெய்வமென்று எண்ணியிருந்தாராயின் அக்கொம்பு எதற்கு?

இக்காலத்துக் குப்பங்களிலும் நிலை அதுவே. கரையூர்களில் முதன்மை பெற்று நிற்பவர் வருணனல்லர். கங்கையம்மன், கன்னிமார் முதலிய அம்மன்மாரே. 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகளாக நூல் வெளியிட்ட தர்சுடன் என்பார் பட்டணவரைக் குறித்து எழுதுங்கால், அவர்கள் மீன்வேட்டைக்குப் புறப்படுமுன் தெய்வங்களையும் கடலையும் வலைகளையும் வணங்குவர் என ஓர் அரிய செய்தியைப் போகிற போக்கிற் குறித்துச் செல்கின்றார். அவர் அதனை ஆராய்ந்திலர்; எனினும் கொள்கை வகுத்த பெரும் புலவர் பலருடைய பக்கங்களினும் இவ்வொரு குறிப்பு மிகுந்த பயனுடையது. தெய்வம் வேறு, கடல் வேறு, வலை வேறு என மூன்று வணக்கங்கள்! கடலே தெய்வமாயின் இரண்டு வணக்கமே அமையும். கடல் வணங்கப்படுகின்றது, சோறிடுவதாதலின்; வலை வணங்கப்படுகின்றது, கருவியாதலின்; தெய்வம் வணங்கப்படுகின்றது, இவ்விரண்டினும் அடங்காத ஒன்றாதலின். எழுத்தறியாதாரென்று எண்ணப்பட்ட மக்கள் கண்ட இவ்வேறுபாட்டை ஏழுமொழி கற்றார் காணாமற்போயது வியப்பே.

மற்றொன்றுங் கருதுக. பழவேற்காட்டில் சமயேசுவரர் என்னும் பெயரோடு சிவபிரான் கோயிலும், ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் உள்ளன. பொன்னேரியினின்றும் அவ்வூர்க்குச் செல்லும் வழியிலே திருப்பாலைவனம் என்னும் சிவத்தலம் உள்ளது. போர்த்துக்கேசியர் தொடர்பால் எழுந்த மகிமை மாதா கோயிலும் அவ்வூரிலேயே இருக்கின்றது. முசுலிம் மக்களும் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்கின்றனர். ஒலாந்தர் 1613-இற் கட்டிய கெல்திரியாக் கோட்டையின் இடிபாடும் அவர்தம் கல்லறைகளும் இன்றும் காணப்படும். ஒரே வாடை, ஒரே கொண்டல், ஒரே உவர்நீர், வழிபாடோ பலவகை. வானிலையே தெய்வக்கருத்தைப் பிறப்பிப்பதாயின் ஒரு வானிலை ஒரு தெய்வத்தையன்றோ பிறப்பித்திருத்தல் வேண்டும்? காற்று வேண்டுகோளுக்குக் காலத்தைக் கொடுக்கும். வேண்டப்படுவான் இன்னான் என்பதைக் கொடுக்காது.

வழக்கு இவ்வாறாக, நூல்வழி ஆராய்ச்சிக்குச் செல்லலாம். இருக்கு வேதத்தில் உருத்திரனுக்கே உரிய சூக்தங்கள் மூன்றே. அவற்றினின்றும் அவன் புயலென்பதற்குக் காட்டப்படும் சான்று, அவன் மருத்துக்களின் தந்தையென்பதும் மின்னற்படையுடையன் என்பதுமே. மறுதலையாக, அவ்வேதமே அவனை மருத்துவருள் தலையாய மருத்துவன் எனவும், குளிர்ந்த மருந்துடையான் எனவும், பாட்டுக்கும் வேள்விக்கும் தலைவன் எனவும் கூறுகின்றது. புயல் நோய் தீர்ப்பதெங்ஙனம்? இவ்விடையூற்றைக் கண்ட மாக்டொனெல், இடிமழை நிலத்தை வளமாக்கிக் காற்றைத் தூய்மை செய்தலின் அதுவே மருத்துவமாகச் சொல்லப்பட்டிருக்கலாம் என்றார். கொன்றாலும் புயல், காத்தாலும் புயல் எனின், புயலுக்குப் பொருந்தாத செயல் உலகில் யாதுமில்லையாய் முடியும். எதனையும் விளக்கவல்ல கொள்கை ஒன்றனையும் விளக்கியதாகாது. அன்றியும், மழைக்குப் பர்ச்சன்னியன் என்றும், காற்றுக்கு வாயு, வாதன் என்றும், புயலுக்கு மருத்துக்கள் என்றும் அவ்வேதம் தனித்தனியே தெய்வங்களை வைத்திருக்கின்றது. பர்ச்சன்னியனுக்கும் மூன்று சூக்தங்கள் உண்டு. இத்துணைப் பேர் அத்தொழில்களை ஆற்றி நிற்ப, உருத்திரனையும் அவ்வரிசையில் நிறுத்துதற்கு என்ன இன்றியமையாமை வந்தது? மேனாட்டாருள்ளேயே ஓல்தன்பெர்க் அவனை மலைக்கும் காட்டுக்கும் உரிய தெய்வமென்றார். ஆர்ப்மன் 1922-இல் புயற்கொள்கையைத் தள்ளி மரணத்தொடு தொடர்புபடுத்தினார். தம்முள் முரணுமிவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துப் பள்ளிப்பிள்ளைகட்கு வரலாறென ஊட்டுதல் முறையாகாது.

சொல்லொப்புமையின் நிலையும் இத்தகையதே. வருணன் என்பதும் கிரேக்கரது ஊரனோசு என்பதும் ஒன்றென ஒருகாலத்து மகிழ்ந்து கூறினர். பின்வந்த மொழிநூலார் ஒலிமாற்ற நெறிகட்கு அது பொருந்தாமை கண்டு கைவிட்டனர். ஊரனோசு என்பது மழையைக் குறிக்கும் வர்ஷ என்னும் வடசொல்லொடு உறவுடையதெனப் பலர் இப்பொழுது கொள்கின்றனர். தியௌசு ஒப்புமை நிலைத்தது, வருணன் ஒப்புமை வீழ்ந்தது. ஒன்று நிலைத்தமை பற்றி எல்லாம் நிலைக்கும் என்னும் துணிபு ஆகாதென்பதற்கு இஃதொரு காட்டு.

அவ்வர்ஷ என்னும் சொல்லே சைவ நூற்கருவூலத்தில் மற்றொரு வாயிலைத் திறந்துவிடுகின்றது. கிருட்டிண எசுர்வேதத்துத் தைத்திரீய சங்கிதையின் நான்காங் காண்டத்து ஐந்தாம் பிரபாடகமாக அமைந்தது சதருத்திரீயம். அதன் ஏழாம் அனுவாகத்திலே உருத்திரனுக்கு மேக்யர், வித்யுத்யர், ஆதப்யர், வாத்யர், வர்ஷ்யர், அவர்ஷ்யர் எனப் பல பெயர்கள் வணக்கத்தொடு வருகின்றன. மேலோட்டமாகப் பார்ப்பார் 'மேகம், மின்னல், வெயில், காற்று, மழை. இவன் வானிலைத் தெய்வமே' என்று முடிவு செய்வர். இங்கேதான் இலக்கணம் குறுக்கே நிற்கின்றது. மேகம் என்பது மேக்யர் அன்று. வர்ஷம் என்பது வர்ஷ்யர் அன்று. இச்சொற்களின் ஈற்றில் நிற்பது யத் என்னும் தத்திதவிகுதி. வேதவழக்கில் அவ்விகுதி 'அதன்கண் இருப்பது' என்னும் பொருளில் வருமெனப் பாணினி முனிவர் நான்காம் அத்தியாயத்திலே விதித்துள்ளார். ஆகவே மேக்யர் மேகத்துள்ளார், வித்யுத்யர் மின்னலுள்ளார், வாத்யர் காற்றுள்ளார், வர்ஷ்யர் மழையுள்ளார். மழையை மழையுள்ளாராகக் கொள்ளுதல், வீட்டையே வீட்டினுள்ளாராகக் கொள்ளுதலோடு ஒக்கும்.

இதனினும் வலிது அவர்ஷ்யர் என்னுஞ் சொல். மழையின்மையிலும் உள்ளார் என்பது அதன் பொருள். உலகத்துப் புயற்றெய்வங்களை யெல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்க்க. பாகால் கூற்றுவன் வாய்ப்பட்டு மறைந்தபொழுது மழை நின்று நிலம் வறண்டது என்று அவ்வேடுகள் கூறும். அவன் மீண்டபோதே வளம் மீண்டது. மழையின்மை பாகாலின் இன்மை. வறட்சி யாண்டும் புயற்றெய்வத்தின் தோல்வியாக, சினமாக, அன்றி மறைவாக எண்ணப்படுதலே இயல்பு. சதருத்திரீயமோ பெய்தலிலும் பொய்த்தலிலும் ஒப்ப உள்ளாரென்று கூறி இருமருங்கும் வணங்குகின்றது. வானிலையினின்றும் பிறந்த தெய்வத்தைப்பற்றி இவ்வாறு கூறுதல் இயலாது. முகத்துவாரம் அறுந்து இறால் பெருகிய ஆண்டினும், முகத்துவாரம் தூர்ந்து வலை வெறிதாகிய ஆண்டினும் ஒருங்கு நிற்பது யாது என்னும் வினாவுக்கு விடையாகும் சொல் அது.

அந்நூலின் ஐந்தாம் அனுவாகம் அலையுள்ளாரையும், அசையா நீருள்ளாரையும், ஓட்டத்துள்ளாரையும், தீவினுள்ளாரையும் வணங்குகின்றது. கடல், ஏரி, முகத்துவாரத்து ஒழுக்கு, மணற்றீவு ஆகிய நான்கனையும் ஒருங்கே காண்பார் இவ்வணக்கத்தின் நிறைவை எளிதில் உணர்வர். நான்காம் அனுவாகம் தச்சர், குயவர், கொல்லர், வேடர் முதலிய தொழிலாளரொடு நிடாதரையும் உருத்திர வடிவாகப் போற்றுகின்றது. மீன்பிடித்தல் நிடாதர் தொழிலென மனுநூல் வகுத்தது. இதனைக்கொண்டு இக்கரைவாழ் மக்களே அந்நிடாதர் என்று குலவரலாறு கட்டுதல் வேண்டா; மீன்பிடித் தொழிலை இழிவென்று ஒதுக்கியோர் ஓதிய வேதத்திலேயே அத்தொழிலார் இறைவடிவாக வணங்கப்பெற்றமை ஈண்டைக்கு அமையும். பதினோராம் அனுவாகமோ வானத்து உருத்திரர்க்கு மழையும், இடைவெளி உருத்திரர்க்குக் காற்றும், மண்ணகத்து உருத்திரர்க்கு அன்னமும் அம்புகளாகும் என்கின்றது. அம்பு எய்வானாதல் இல்லை. உண்ணுஞ் சோறும் அம்பெனப்பட்டது காண்க. ஊட்டுவதும் அவன் கணை, வாட்டுவதும் அவன் கணை. மேக்யர், வர்ஷ்யர் என்னும் ஏழாம் அனுவாகத்துக்கு அடுத்து, எட்டாம் அனுவாகத்திலேதான் திருவைந்தெழுத்து அமைந்துள்ளது என்பதையும் அன்பர்கள் உணர்க.

எதிர்ப்பக்கத்தார் இங்கொரு தடை எழுப்புவர்: சதருத்திரீயம் இருக்கு வேதத்துக்குப் பிற்பட்டது, வளர்ந்த கருத்தைக்கொண்டு தோற்றத்தை மறுத்தல் கூடுமோ என்பது. அது நேரிய வினாவே. சதருத்திரீயம் பிற்பட்டதென்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அவர்கள் வினவுவது பெயர் எப்பொழுது எவ்வாறு வழங்கிற்று என்பது. சித்தாந்தம் கூறுவது பொருள் எத்தன்மைத்து என்பது. மக்கள் இடியைக் கேட்டு அஞ்சியபொழுதே முதன்முதல் இறைவனை நினைந்திருப்பினும், நினைந்த காலம் நினைக்கப்பட்ட பொருளின் பிறப்பாகாது. குழந்தை தாயைப் பசியால் அறிகின்றது; அதனால் தாய் பசியினின்றும் பிறந்தவளாகாள். உருத்திரன் பெயரின் வரலாற்றில் மேனாட்டார் காணும் படிகளுள் மெய்யாவன உளவாயின் அவற்றை ஏற்றலால் சைவத்துக்கு வரும் இழுக்கு ஒன்றுமில்லை.

இழுக்கு நேர்வது பிறிதோரிடத்தில். அச்சத்தினின்றும் அறியாமையினின்றும் பிறந்த தெய்வம் அறிவு வந்தக்கால் மாளும். கிரேக்க நாட்டில் அது கண்கூடாக நிகழ்ந்தது. வானவில்லாகிய ஐரிசு தேவதை முகிலே என்று செனோபனீசு கூறினார், கி.மு. 423-இல் அரிசுதோபனீசு நடிப்பித்த முகில்கள் என்னும் நாடகத்திலே, மழை பொழிவது சீயுசு அல்லன், முகில்களே எனச் சோக்கிரதர் வேடம் பூண்டவன் வாதிடுவதாக நகைச்சுவைக் காட்சி வருகின்றது. மழைக்குக் காரணம் முகிலென்று அறிந்தவளவில் சீயுசுக்கு வேலையில்லாதொழிந்தது. பழவேற்காட்டுக்கு எதிரேயுள்ள சிறீஅரிக்கோட்டையிலிருந்து 2024 பெப்ரவரி 17-ஆம் நாள் இன்சாட்-3டிஎசு என்னும் வானிலைச் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. இன்று புயல் எங்கே திரள்கின்றது, எத்திசை நகர்கின்றது என்பதைக் குப்பத்துச் சிறுவனும் கைப்பேசியிற் காண்கின்றான். உருத்திரன் புயலுக்கிட்ட மறுபெயராயின், அவ்வானூர்தி எழுந்த அன்றே கரையிலுள்ள கோயில்களைப் பூட்டிவிடலாம். புயற்கொள்கையைப் பாடமாகக் கற்கும் சைவப்பிள்ளை சொல்லாமற் கற்றுக்கொள்வது இதுவே.

சித்தாந்தத்தில் மழைக்கு முகிலும், முகிலுக்குக் கடலாவியும், ஆவிக்கு வெயிலும் காரணமென்பது தடையாகாது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என மூன்று வைத்துக்கொண்ட நூலுக்கு மண்ணைப்பற்றிய அறிவு எத்துணை மிகினும் குயவன் குறைவதில்லை. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்திலே இறைவன் உலகுயிர்களோடு கலப்பால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராதலில் உடனாயும் நிற்பன் என நிறுவினார். சதருத்திரீயத்துத் தத்திதவிகுதி உணர்த்தும் உள்ளிருப்பு இம்மூன்றனையும் ஒருங்கே தாங்கிநிற்றலை நுண்ணறிவாளர் காண்பர். மழையுள்ளார் என்றதனால் மழையின் வேறாதலும், உள்ளார் என்றதனால் பிரிவின்மையும் போதருதலின் என்க. கேநோபநிடதமும் இதனையே கதையாக விளக்குகின்றது: இயக்கவடிவில் எதிர்ப்பட்ட பொருளின்முன் தீக்கடவுள் ஒரு துரும்பை எரிக்கமாட்டாது மீண்டான், காற்றுக்கடவுள் அதனை அசைக்கமாட்டாது மீண்டான், வானரசனாகிய இந்திரனுக்கு அஃது இன்னதென்று உமையம்மையார் உணர்த்தினார். வானிலைத் தெய்வங்களைப்பற்றிய திறனாய்வு மேனாட்டார்க்கு முன்பே உபநிடதத்தில் நடந்தேறிவிட்டது.

சைவர் சிலர் இவ்வாராய்ச்சியில் எதிர்த்திசையிற் செல்லும் தவற்றையும் குறித்தல் வேண்டும். பாகாலும் சிவனே, ஒசிரிசும் சிவனே, கல்தேயமெங்கும் சிவவழிபாடே இருந்தது என ஒலியொப்புமையும் உருவொப்புமையும் கண்டு நூல் எழுதுவோர் உளர். புயற்கொள்கையார் சிவனைப் பாகாலாக்கினர், இவர்கள் பாகாலைச் சிவனாக்கினர், குழப்பம் ஒன்றே. காளையூர்தி இருவர்க்கும் உண்டென்பதனால் ஊர்பவன் ஒருவனாகான். பிறநாட்டுத் தெய்வங்களைச் சிவனென்று பெயர்மாற்றுதற்கு ஆதரவாகச் சிவஞானசித்தியாரை எடுத்துக்காட்டுவதும் பொருந்தாது. அருணந்தி சிவாசாரியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்திற் கூறியது, எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று பூசையை ஏற்றுப் பயனளிப்பவர் அம்மையப்பரே என்பது. பிற தெய்வங்கள் பிறந்திறந்து துன்புற்று வினைசெய்யும் என்பதும் அவ்விடத்தேயே கூறப்பட்டது. தெய்வங்கள் ஒன்றென்றாரல்லர், ஏற்பவன் ஒருவன் என்றார். மணலில் நட்ட சுறவுக்கோட்டில் வருணன் தோன்றுவான் என்ற உரைக்கு இதனினுஞ் செவ்விய விளக்கம் கிடைத்தல் அரிது. நுளைமகளிர் வேண்டியது வீணன்று. அவர் முன் தோன்றிய வருணனும் பதியாகான்.

ஆயினும் அவ்வேண்டுதலுக்கு ஓர் எல்லை உண்டு. வலை வளம் தப்பியதனால் எழுந்த வழிபாடு வலை நிறைந்தவுடன் தணியும். கொடுத்துக் கொள்ளும் வாணிகத்தின் இயல்பு அது. வானிலைத் தெய்வ வழிபாடு உலகெங்கும் இவ்வாணிகத்தைக் கடந்ததில்லை. கடந்தவர் ஒருவரை நெய்தல் நிலமே தந்தது. சோழநாட்டு நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் தோன்றிய அதிபத்த நாயனார், நாடோறும் படும் மீன்களுள் தலைமீன் ஒன்றைச் சிவபிரானுக்கென்று கடலிலே விட்டுவந்தார். பின் வளம் சுருங்கி நாளொன்றுக்கு ஒருமீனே படலாயிற்று, அதனையும் விட்டார். சுற்றம் பசித்தது, உடல் மெலிந்தது, விடுதல் ஒழிந்திலது. இறுதியிற் பட்ட ஒரு மீன் பொன்னும் மணியுமாய் உலகு விலைபெற இருந்தது. அதனையும் திருவடி சேர்க என்று அலையில் விட்டார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். வலைவளம் தருபவன் என்று வணங்கியிருந்தாராயின், வலை வறண்ட முதல் நாளிலேயே அவர் வணக்கம் முறையீடாக மாறியிருத்தல் வேண்டும். வறட்சி நீண்டபொழுது வேறொரு கொம்பை நட்டிருத்தல் வேண்டும். அவர் வணங்கியது மழையுள்ளாரை மட்டுமன்று, அவர்ஷ்யரையும்.

உருத்திரன் புயலென்று எழுதினோர் அனைவர்க்கும் அகப்படாத சான்று இந்நாயனாரே. அவர்கள் சுவடிகளைத் துருவினர்; சொற்களின் வேரைத் தோண்டினர்; பரதவன் ஒருவன் உருத்திரனை எங்ஙனம் வழிபட்டான் என்று கேட்டிலர். ஆவணித் திங்கள் ஆயிலிய நாளிலே, வடகிழக்குப் பருவமழை தொடங்குதற்கு முன்னமே, நாகையில் மீனவ மக்கள் இன்றும் ஆண்டுதோறும் அதிபத்தர் திருவுருவைப் படகில் எழுந்தருளச்செய்து கடலிற் கொண்டுசென்று பொன்மீனை அலையில் விடுகின்றனர்.